பங்கு வாங்காத வீடு

கண்ணாடியை இறக்கிக்கங்க தம்பி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாத்தம் எனக்கும்தான் வருது. பின்னால கருவாட்டு மூட்டை ஏத்தியிருப்பான், இல்லைன்னா சீட்டுக்கு அடியில எலி ஏதாவது செத்துக் கெடக்கும். இந்த ஊரு சுமோவுல ஆளு ஏறுறதுக்கு முன்னாலயே சரக்கு ஏறிடும். முன் சீட்டுல இருந்த பொம்பளை புள்ளையைத் தூக்கிக்கிட்டு எறங்கிப் போயிட்டா, பாத்தீங்களா? தூத்தல்ல நிக்கிறா. நிக்கட்டும்.

தமிழ் ஆளுதானே? பையில எழுதியிருக்கிறதைப் பாத்தேன். விருதுநகரா. டவர் வேலைக்கா வந்தீங்க? நல்லது. எங்க ஊரு சோங்மோலுக்கு டவர் வந்து நாலு வருஷம் ஆச்சு. டவருக்குக் கீழ நின்னா சிக்னல் வராது. மூணு கிலோமீட்டர் தள்ளி இந்த வளைவுல, மலை சரிஞ்சு கெடக்கிற எடத்துல, நல்லா வருது. அதைச் சரி பண்ணத்தான் உங்களை அனுப்பினாங்களா? பண்ணீங்களா? உதிரிப் பாகம் வரலையா. சரி, விடுங்க. இந்த ஜில்லாவுல எதுக்குமே உதிரிப் பாகம் வராது.

என் பேரு வைரவன். கடைவீதியில பலசரக்குக் கடை. கால் நீட்டி உக்காந்திருக்கேனேன்னு தப்பா நினைக்காதீங்க. இடது காலு. கட்டைப் பாக்காதீங்க, அதுல பாக்க ஒண்ணுமில்ல. எனக்குச் சர்க்கரை இருக்கு. பத்து நாளைக்கு முன்னால கடை வாசல்ல தண்ணி முழங்கால் அளவு நின்னுச்சு, அதுல எறங்கினப்ப ஏதோ தகரம் கிழிச்சிருச்சு. வலியே இல்ல தம்பி, அதுதான் வேடிக்கை. இன்னைக்குக் காலையில மருந்துக் கடைக்காரன் அவுத்துப் பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். "அண்ணாச்சி, ரெண்டு விரல் கருத்துருச்சு. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. நாளைன்னு சொன்னீங்கன்னா விரலோட போகாது, முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்பாங்க"ன்னான். அதான் பொறப்பட்டேன். தலைநகருக்கு ஏழு மணி நேரம். ரோடு இருந்தா.

ரோடு எங்க இருக்கு? அதோ பாருங்க, செம்மண்ணு குழம்பு மாதிரி வந்து நிக்குது. வருஷா வருஷம் இதே வளைவு, இதே மாசம். வருஷா வருஷம் ஒரு காண்டிராக்டர் வந்து போர்டு நடுவான். போன தடவை மலை சரிஞ்சப்ப ரோட்டை மட்டும் கொண்டு போச்சு, போர்டை விட்டுட்டுப் போயிருச்சு. 'உங்கள் பாதுகாப்பே எங்கள் நோக்கம்'னு ஆறு மாசம் பள்ளத்தைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. ஜேசிபி அங்க நிக்குது, டீசல் இல்லையாம். டீசல் வர்றதுக்கு ரோடு தெறக்கணுமாம். கேட்டா சிரிக்கிறானுக. எனக்கு இந்தச் சிரிப்பைக் கண்டாதான் குமட்டும்.

என்ன கேட்டீங்க? சோங்மோல்லயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, நேத்துப் பாத்தேனேன்னா?

பாத்திருப்பீங்க. ரெண்டு மாடி, பச்சைப் பெயின்ட். அம்பது படுக்கை. ஜில்லா பிரிச்சப்ப கட்டினது. அதுவரைக்கும் நாங்க இன்னொரு ஜில்லாவோட வாலு. கலெக்டர் முகத்தைப் பாக்கணும்னா ஒரு நாள் போக, ஒரு நாள் வர. அப்புறம் ஒருநாள் மைக்செட்டு, மாலை, டான்ஸு, ரிப்பன். புது ஜில்லா. எல்லாரும் கடையில வந்து லட்டு கேட்டான், நானே முப்பது கிலோ வித்தேன். போர்டுல ஊர்ப் பேரை மூணு விதமா எழுதினான், மூணும் தப்பு. ஆபீஸ் கட்டினான், ஆளு இல்ல. பைப் போட்டான், தண்ணி இல்ல. எக்ஸ்ரே மிஷின் வந்துச்சு, சுத்தின பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கலை, அதுமேல கோழி படுத்துக் கெடக்கு. டாக்டர் மாசத்துல மூணு நாள் வருவாரு, அதுல ஒருநாள் ஞாயித்துக்கிழமை. அந்த ஆஸ்பத்திரியில ஒரு ஆளு கிடையாது தம்பி. ஒருத்தி இருக்கா. நர்ஸு. அவளை ஆளாச் சேக்க முடியாது.

ஏன்னா அவ என் பொண்ணு.

இப்படிப் பாக்காதீங்க. முழுசாக் கேளுங்க, எப்படியும் நீங்க எங்கயும் போகப் போறதில்ல.

எங்கப்பா கருப்பணன் இந்த ஊருக்கு நடந்து வந்தவர். பர்மாவுல கடை வச்சிருந்தோம். கடையெல்லாம் சர்க்காருக்குன்னு சொல்லி ஒரே ராத்திரியில கதவுக்குச் சீல் வச்சுட்டான். கப்பல் ஏறி மெட்ராஸ் வந்து, முகாம்ல பூச்சி விழுந்த அரிசியைத் தின்னுட்டு, இது ஆகாது, திரும்பி பர்மாவுக்கே போயிடலாம்னு ரயிலேறி, நடந்து, மலை ஏறி நாப்பது குடும்பம் இங்க வந்துச்சு. எல்லையில துப்பாக்கிக்காரன் நிக்கிறான். அங்கிட்டும் விடலை. பின்னால போகக் காலுல பலம் இல்ல. மழைக்காலம். எங்கக்கா ஒருத்தி அப்பத்தான் செத்துப் போனா, நான் அம்மா வயித்துல.

அந்த மலைக்குச் சொந்தக்காரங்க இருந்தாங்க. பழைய தலைவர்னு சொல்வோம், இப்பத் தலைவரா இருக்கிற பாவ்ஜாங்கோட அப்பா. அவர் கீழ எறங்கி வந்து பாத்தாராம். மறுநாள் எட்டுப் பேரு முதுகுக் கூடையில நெல்லு கொண்டு வந்து எறக்கினாங்களாம். ஓடைக்கு இந்தப் பக்கம் குடிசை போட்டுக்கங்கன்னு கையைக் காட்டிட்டுப் போயிட்டாராம். நெல்லை வாங்கிக்கிட்டோம். நெல்லுக்கு என்ன, அது வேற.

மாரிக்காலம் முடிஞ்சு அவங்களுக்கு அறுவடை விருந்து வந்துச்சு. மிதுன்னு ஒண்ணு இருக்கு, பாத்திருப்பீங்களே, மாடும் இல்லாம எருமையும் இல்லாம, நெத்தி அகலமா. அதை அறுத்து ஊருக்குப் பங்கு போடுவாங்க. வீட்டுக்கு ஒரு பங்கு. ஏழைக்கும் அதே அளவு, தலைவருக்கும் அதே அளவு, அவருக்குத் தொடை மட்டும் கூட. வாழை இலையில வச்சு எங்க நாப்பது குடிசைக்கும் அனுப்பினாரு அந்த மனுஷன்.

எங்கப்பா அதை ஒரு குச்சியால தள்ளிக்கிட்டே போயி ஓடையில விட்டாராம்.

இதைச் சொல்றப்ப எங்கப்பா முகத்தைப் பாக்கணும் நீங்க. சோத்துக்கு வழியில்லை, கட்டின வேட்டிக்கு மாத்து வேட்டி இல்லை, ஆனா குச்சியால தள்ளினாரு. நாங்க ஒண்ணும் சைவம் இல்ல தம்பி. ஆடு, கோழி, மீனு எல்லாம் உண்டு. அதுக்காக? எதை வச்சாலும் வாயைத் தொறந்திர முடியுமா? அடுத்த வருஷம் தலைவர் வீட்டு முத்தத்துல நின்னு எங்க வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம். எங்க ஆளுங்க யாரும் போகலை. சூசை குடும்பம் மட்டும் போச்சு, சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க. அதுக்கு அடுத்த வருஷம் கூப்பிடலை. எங்கப்பா சொல்லுவாரு, "பாத்தியா, மரியாதை வந்துருச்சு"ன்னு.

அறுபது வருஷம் ஆகப் போகுது. நல்லாத்தான் இருந்தோம். கடைவீதியே நாங்கதான். பாவ்ஜாங்கே என் கடையில வளந்தவன்தான். கல்கோனா மிட்டாய்க்கு வந்து நிப்பான், தமிழ் அப்படியே கத்துக்கிட்டான். இப்பவும் "வைரவா, நல்லெண்ணெய் என்ன வெலை?"ன்னு சுத்தமாக் கேப்பான். ஆனா நான் ஒருநாளும் அவன் வீட்டு முத்தம் தாண்டினதில்ல. அவனுக்கும் டீ கொடுக்கத் தனியா ஒரு கிளாஸ் வச்சிருந்தேன். அவனுக்குத் தெரியாது. தெரியுமோ என்னமோ.

என் பொண்ணு பேரு உமையாள். ஒரே பொண்ணு. குவாஹாத்தியில நாலு வருஷம் நர்சிங் படிச்சா. பெங்களூர்ல கூப்பிட்டாங்க, போகலை. "நம்ம ஊர் ஆஸ்பத்திரியில எட்டு நர்ஸ் எடம் காலிப்பா, எட்டும் காலி. பிரசவத்துக்குப் பொம்பளைங்களை மூங்கில்ல கட்டித் தூக்கிட்டு வர்றாங்க, வந்து பாத்தா பூட்டு"ன்னா. எனக்கும் பொண்ணு பக்கத்துல இருந்தா நல்லதுன்னுதான் பட்டுச்சு. விண்ணப்பம் போட்டா.

அங்க வச்சான் ஒரு கொக்கி. இந்த மண்ணுக்காரங்கிறதுக்கு அத்தாட்சி கொண்டான்னு. அதுக்கு அரசாங்கம் ஒரு வருஷத்தைக் குறிச்சு, அதுக்கு முன்னால வந்தவன்தான் ஊர்க்காரன்னு வச்சிருக்கு. எங்கப்பா அதுக்கு மூணு வருஷம் பின்னால வந்தவர். பர்மா சர்க்கார் சீல் வச்சு வெரட்டுறப்ப நாள் பாத்தா வெரட்டினான்? ஆபீஸ்ல ஒரு கிளார்க் பையன், பிறந்து முப்பது வருஷம் இருக்கும், என்னைக் கேக்குறான், "நீங்க எப்ப வந்தீங்க?"ன்னு. நான் இங்கதான் பொறந்தேன்டா, நீ எப்ப வந்தேன்னு கேட்டேன். சிரிக்கிறான். அதே சிரிப்பு. "கோவிச்சுக்காதீங்க அங்கிள், இன்னொரு வழி இருக்கு. ஊர்த் தலைவர் 'இது எங்க ஊர் வீடு'ன்னு எழுதிக் கொடுத்தா போதும்"ன்னான்.

பாவ்ஜாங்தானே, நம்ம பயதானேன்னு போனேன். ரெண்டு லிட்டர் நல்லெண்ணெய் எடுத்துக்கிட்டுத்தான் போனேன். முத்தத்துக்கு வெளியிலயே நின்னு கூப்பிட்டேன். வந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"வைரவா, நான் என்ன எழுதுறது? எங்க நோட்டுல உன் வீடு இல்லையே."

"எந்த நோட்டு?"

"பங்கு நோட்டு. பங்கு வாங்கின வீடெல்லாம் அதுல இருக்கும். எங்கப்பா காலத்துல இருந்து அதுதான் ஊர்க் கணக்கு. அதைப் பாத்துத்தான் எழுதுவேன். இல்லாததை எழுதினா பெரியவங்க என்னைக் கேப்பாங்க."

"நான் உன் கண்ணு முன்னால நிக்கிறேனேடா."

"கண்ணு முன்னால நிக்கிற. நோட்டுல இல்ல."

எப்படி இருக்கு பாருங்க. கறி வாங்கித் தின்னவன்தான் ஊர்க்காரனாம். இதுதான் இவங்க சரித்திரம், இதுதான் இவங்க ரெக்கார்டு. இப்படி இருந்தா ஜில்லா எங்க உருப்படும்?

அதுல ஒரு அநியாயம் கேளுங்க. பால்காரன் தில் பகதூர், நேப்பாளி, அவன் வீடு நோட்டுல இருக்கு. அவன் மாட்டைச் சாமியாக் கும்பிடுறவன். மிதுன் கறியை வாயில வைப்பானா? வைக்க மாட்டான். ஆனா வருஷா வருஷம் போயி நின்னு கையை நீட்டி வாங்கி, நெத்தியில ஒத்திக்கிட்டு, வர்ற வழியில பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டுப் போயிடுவானாம். எவ்வளவு பெரிய ஏமாத்து வேலை. நான் பாவ்ஜாங்கிட்ட இதைச் சொன்னேன். "அவன் தின்னதே இல்லைடா, உனக்குத் தெரியுமா?"ன்னேன். "தெரியுமே. திங்கணும்னு யாரு சொன்னா?"ன்னான். புத்தி இருக்கிறவன் பேசுற பேச்சா இது?

கடைசியில அவனே சொன்னான், "சனிக்கிழமை விருந்து. வந்து வாங்கிக்க. அன்னைக்கே எழுதித் தர்றேன்"ன்னு. விண்ணப்பத்துக்குத் திங்கக்கிழமை கடைசி நாள்.

உமையாள் எங்கிட்ட ஒரு வார்த்தை கெஞ்சலை. "போறீங்களாப்பா?"ன்னு மட்டும் கேட்டா. அழகம்மை, என் சம்சாரம், அவ உலையைப் பாத்துக்கிட்டே நின்னா. ரெண்டு பொம்பளைங்களும் பேசாம இருந்தா வீட்டுல இருக்க முடியாது தம்பி. போனேன்.

முத்தம் நெறைய சனம். பெரிய பெரிய மரக்கட்டை மேல கறியைக் கூறு கூறா வச்சிருக்கான். ஈ. ரத்தம். ஒரு பக்கம் குடலைக் கழுவுறான், ஒரு பக்கம் பாட்டுப் பாடுறான். அந்த ஆவி மூஞ்சியில அடிச்சதும் ரெண்டடி பின்னால நகந்து நின்னேன். நோட்டு வச்சிருக்கிற கிழவர் ஒவ்வொரு வீடாக் கூப்பிடுறாரு. கூப்பிட்டதும் வந்து ரெண்டு கையையும் நீட்டுறான், வாங்குறான், ஒரு வார்த்தை சொல்றான், போறான். கடைசியில பாவ்ஜாங் என்னைப் பாத்துத் தலையை ஆட்டினான்.

நான் போனேன். போயி, கடையில இருந்து கொண்டு போன பாலிதீன் பையை விரிச்சுப் பிடிச்சேன்.

எல்லாரும் ஒரு மாதிரிப் பாத்தான். அப்புறம் ஒருத்தன் சிரிச்சான். பாவ்ஜாங், "வைரவா, மீன் வாங்க வந்தியா?"ன்னான். மறுபடி சிரிப்பு. "பையை உள்ள வையி. கையில வாங்கு. இந்தா."

அவன் கையில இருந்து ரத்தம் சொட்டுது தம்பி. நான் என்ன பண்ணுவேன்? கை வரலை. தூக்கணும்னுதான் நினைச்சேன், சத்தியமா. என் பொண்ணு வேலை, திங்கக்கிழமை, எல்லாம் தெரியுது. கை வரலை. அது எங்கப்பா குச்சி பிடிச்ச கை. அந்தப் பையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.

"அப்பா, தள்ளுங்க"ன்னு பின்னால சத்தம்.

உமையாள் எப்ப வந்தாளோ தெரியலை. என்னைத் தாண்டி வந்து ரெண்டு கையையும் நீட்டுறா. பாவ்ஜாங் வச்சான். முழங்கை வரைக்கும் வழியுது. அவங்க பாஷையில என்னமோ சொன்னா, அவங்கல்லாம் 'ம்'முன்னாங்க. எங்க கத்துக்கிட்டாளோ. கிழவர் நோட்டை விரிச்சு, "எந்த வீடு?"ன்னாரு.

அப்ப எனக்கு வாய் வந்துச்சு. கை வராதவனுக்கு வாய் மட்டும் வந்துச்சு. "அது என் வீட்டுக்குள்ள வராது. அதைத் தொட்டவளும் வர மாட்டா. அந்தக் கையால என்னைத் தொடாதே"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். நாலு பேருக்குக் கேக்கணும்னுதான் சொன்னேன்.

கிழவர் பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே மறுபடி கேட்டாரு. "அப்ப எந்த வீடும்மா?"

அவ கிழவரைப் பாத்து, "உமையாள்"னு சொன்னா.

கிழவர் எழுதிட்டாரு. தனி வீடு. இன்னைக்கும் அந்த நோட்டுல அவ ஒரு வீடு, நான் ஒண்ணும் இல்ல. பெத்தவன் ஊர்க்காரன் இல்லையாம், பொண்ணு ஊர்க்காரியாம். இந்த அதிசயம் வேற எந்த ஜில்லாவுலயாவது நடக்குமா?

அன்னைக்கு வாசல்படியை மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவினேன். அவ வரவே இல்ல. அந்தக் கறியையும் அவ திங்கலையாம், கேட்டுக்கங்க. ஆஸ்பத்திரி மரத்தடியில மருமகளோட பிரசவத்துக்காக வந்து அடுப்புக் கூட்டிக்கிட்டிருந்த ஒரு கிழவிகிட்டக் கொடுத்துட்டாளாம். திங்கலைன்னா எதுக்கு வாங்குறது? எனக்கு அதுதான் வெளங்கலை.

மார்ச்சுல வேலையில சேந்தா. ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு ரூம்ல இருக்கா. மேல்மலையில இருந்தெல்லாம் சனம் எறங்கி வருதாம். முன்னெல்லாம் பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போறவன், இப்ப என் கடையில வந்து நின்னு, "உமா சிஸ்டர் இருக்காங்களா?"ன்னு எங்கிட்டயே கேக்குறான். எனக்குத் தெரியாதுன்னுருவேன். எங்க கோயில் அவ இருக்கிற பக்கத்துலதான். அழகம்மை வியாழக்கிழமைதோறும் கோயிலுக்குப் போறா. போறப்ப தூக்குவாளி கனமா இருக்கு, வர்றப்ப காலியா இருக்கு. சாமி தின்னுடும் போல. நான் கேக்குறதில்ல.

ஆமா, ஆறு மாசமாப் பேசலை. போன வாரம் கடை முன்னால தண்ணி நின்னப்ப வந்தா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு, "அப்பா, காலு என்னாச்சு, நொண்டுறீங்க"ன்னா. நான் சாமானை அடுக்கிக்கிட்டிருந்தேன். காலைப் பாத்துட்டுப் போயிட்டா. தண்ணி ஏன் நிக்குதுன்னு கேக்குறீங்களா? நிர்வாகம் அப்படி. முன்னால சாக்கடை இருந்துச்சு, தண்ணி நேரா ஓடைக்குப் போகும். கடைக்கு எடம் பத்தலைன்னு நான் அதுமேல காங்கிரீட் போட்டு ரெண்டடி முன்னால இழுத்தேன். எல்லாரும் இழுத்தான். நான் ஒருத்தன் இழுக்கலைன்னா மட்டும் என்ன ஆயிரப் போகுது? தண்ணி போறதுக்கு வேற வழி பண்ண வேண்டியது யாரு? ஜில்லா நிர்வாகம். பண்ணலை.

டேய் தாங்போய், என்னடா நேரமாச்சு?

டிரைவர் பயலைத்தான் கேட்டேன். கடைவீதியில வளந்தவன், தமிழ் பேசுவான். என்னடா சொல்ற? இன்னைக்கு ஆகாதா? நாளைக்கு மத்தியானமா? டேய், எனக்கு இன்னைக்குப் போகணும்டா, உனக்கே தெரியும்ல. திரும்புறியா? எங்க திரும்புற, நான் திரும்ப மாட்டேன். இங்கயே இருக்கேன்.

கேட்டீங்களா தம்பி, நாளைக்காம்.

நீங்களும் அதையே சொல்லாதீங்க. மூணு கிலோமீட்டர்தான், தெரியும். அங்க மருந்து இருக்கு, அதுவும் தெரியும். ஆஸ்பத்திரியில மருந்து இல்லைன்னு நான் சொல்லலை. எப்படிப் போயி அவ முன்னால காலை நீட்டுறது? நீங்க சின்னப் பையன், உங்களுக்குப் புரியாது. ஊரே பாக்க ஒண்ணைச் சொன்னவன், அதே ஊரு பாக்க நொண்டிக்கிட்டுப் போயி... ஒரு காலு போனா போகட்டும். ஒத்தக் காலோட கடையில உக்காந்து யாவாரம் பண்றவன் இல்லையா?

யாருக்குடா போன் போடுற? தாங்போய்? இந்த ஒரு வளைவுல சிக்னல் வந்து நம்ம உயிரை வாங்குது. யாருக்குன்னு கேக்குறேன்.

சொல்ல மாட்டேங்கிறான். சிரிக்கிறான்.

மழை விட்டுருச்சு போல. அந்தப் பொம்பளை இன்னும் வெளியிலதான் நிக்கிறா. வண்டிக்குள்ள வந்து உக்காரச் சொல்லுங்க, புள்ளைக்குச் சளி பிடிக்கும். வர மாட்டேங்கிறாளா? நீங்களும் அரை மணி நேரமா மூக்குல துண்டை வச்சுக்கிட்டே இருக்கீங்க. நான் கவனிக்காம இல்ல. கருவாடுன்னுதான் சொன்னேன். பின்னால மூட்டை எதுவும் இல்லையா? நல்லாப் பாத்தீங்களா?

சரி.

சரி, விடுங்க.

வண்டிச் சத்தம் கேக்குதே. எந்தப் பக்கம் இருந்து? நம்ம ஊர்ப் பக்கமா? அது தில் பகதூரோட பால் வண்டி, கேன் உருளுற சத்தம் அப்படித்தான் இருக்கும். இந்த நேரத்துல பாலு யாருக்குக் கொண்டு வர்றான்? எட்டிப் பாருங்க. யாரு எறங்குறா? வெள்ளை உடுப்பா?

தம்பி, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. கேட்டா நான் தூங்குறேன்னு சொல்லுங்க.

சேத்துல செருப்பைக் கழட்டி எறிஞ்சுட்டு வர்றாளா? வருவா. சின்னதுலயும் அப்படித்தான், செருப்பு நிக்காது.

கேட்டீங்களா? 'அப்பா'ங்கலை. கதவைத் தொறந்ததும் தொறக்காததுமா, 'கட்டு எப்ப மாத்தினது?'ன்னு கேக்குறா, யாரோ நோயாளிகிட்டக் கேக்குற மாதிரி. நீங்களே சொல்லுங்க, காலையிலன்னு. காச்சல் இருக்கான்னா, ராத்திரி இருந்துச்சுன்னு சொல்லுங்க. நேரா எங்கிட்டக் கேக்கட்டுமே, நான் என்ன செத்தா போயிட்டேன்?

அவ மூக்கைப் பொத்தலை. பாத்தீங்களா? நீங்க, டிரைவரு, அந்தப் பொம்பளை, எல்லாரும் பொத்துனீங்க. அவ குனிஞ்சு கிட்டத்துல வச்சுப் பாக்குறா. எப்படித்தான் முடியுதோ. எனக்கே என் காலைப் பாக்க அருவருப்பா இருக்கு.

ஏன் நிறுத்திட்டா? கட்டுல கை வைக்காம ஏன் அப்படியே உக்காந்திருக்கா?

கேட்டுட்டா. இத்தனை பேரு நிக்கிறப்ப கேட்டுட்டா. 'தொடலாமாப்பா?'ன்னு. அன்னைக்கு நான் சொன்னதை அப்படியே மனசுல வச்சிருந்திருக்கா பாருங்க. ஒருத்தன் கோவத்துல ஒண்ணைச் சொன்னா அதை இப்படியா பிடிச்சுக்கிட்டு இருக்கிறது?

தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க. உங்க பையையும் எடுத்துக்கங்க. காலை வெளியில நீட்டணும். அவ கேட்டாங்கிறதுக்காக இல்ல. ரொம்ப நேரமா ஒரே பக்கமா வச்சிருந்தேன், மரத்துப் போச்சு.